நின்றுபோவதும் இழப்பே

வாகனம் எங்கே நிற்கிறது என்று காட்டும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க இற்றைப்படுத்தல் வந்திருக்கிறது என்று சொன்னால், எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது ‘என்ன களவு போனது?’ என்பதைத்தான். களவு ஒன்றும் இல்லை, அந்த ஓட்டை வழியாக யாரேனும் மென்பொருளை விழுத்தி நிறுத்திவிடலாம் என்று விளக்கினால் முகத்தில் நிம்மதி தெரியும். ‘அப்ப பரவாயில்லை. நிண்டால் திரும்பப் போட்டுவிடலாம். ஓடுற சாமானில ஏன் கை வைப்பான்?’ என்பார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இப்படி நினைப்பது பாரிஸின் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு மட்டும் அல்ல. பெரிய நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளிலும் பயத்தின் வரிசை இதுதான்: தரவுக் களவு முதலில், பணக் களவு அடுத்தது, மென்பொருளை நிற்க வைக்கும், ‘சேவை மறுப்பு’ என்று பெயரிட்ட குறைபாடுகள் கடைசியில். கடைசியில் இருப்பதற்கான இற்றைப்படுத்தல் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகிறது. பிறகு அடுத்த வருடத்துக்கு. பிறகு மறக்கப்படுகிறது.

இந்த வரிசை பிழையானது என்கிறேன். இடத்தைச் சொல்வதையே முழு வேலையாகக் கொண்ட மென்பொருளுக்கு, வாயடைத்துப் போவதுதான் ஆகப் பெரிய சேதம். அந்தச் சேதம் முதலாளியின் மேசைக்குப் போவதற்கு முன் சாரதியின் தலையில் விழுகிறது. அதனால் அதை அடைக்கும் இற்றைப்படுத்தலைத் தள்ளிப்போட எவருக்கும் உரிமை இல்லை.

பாரிஸின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் குடியிருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயமாக இருக்கமுடியாது. கரோனோர் சரக்கு வளாகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஏ1, ஏ3 நெடுஞ்சாலைகள். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ருவாசி விமான நிலையம். 1973 இல் திறந்த சித்ரோவன் ஆலை 2013 இல் கார் செய்வதை நிறுத்திய பிறகு, இங்கே வேலை தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது பொதியும் களஞ்சியமும் வேனும்தான். எங்கள் ஆட்களில் பலர் விடியுமுன் எழும்பி வேன் எடுக்கிறார்கள். சிலர் ரன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போய் லாச்சப்பல் கடைகளுக்கு மரக்கறியும் மீனும் ஏற்றிவருகிறார்கள். சிலர் வீட்டுக்கு வீடு பொதி கொடுக்கிறார்கள். சிலர் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள். இவர்களில் பலருடைய வாகனத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் அதே வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது.

அந்தப் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, கராஜ்காரர் கணினி மாட்டிப் பார்க்கும் துவாரத்தில் செருகப்பட்டிருக்கும். உள்ளே ஒரு ஜிபிஎஸ் வாங்கி, ஒரு சிம் அட்டை, ஒரு சின்னக் கணினி. வாங்கி வானத்திலிருந்து வரும் சமிக்ஞைகளை வைத்து இடத்தைக் கணித்து ஒரு வரியாக எழுதுகிறது. பெட்டி அதை சிம் வழியாகச் சேவையகத்துக்கு அனுப்புகிறது. சேவையகம் வரியைப் பிரித்துப் படித்து, முதலாளியின் திரையில் ஒரு புள்ளியாக வைக்கிறது. பெட்டி நின்றால் ஒரு வேன் காணாமல் போகும். சேவையகம் நின்றால் அத்தனை வேன்களும் ஒரே கணத்தில் காணாமல் போகும்.

அந்த வரியைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வரும் ஓட்டை அதற்குள்தான் இருந்தது. கப்பல்களுக்காக வகுக்கப்பட்ட என்எம்இஏ 0183 என்ற பழைய முறைப்படி அந்த வரி எழுதப்படுகிறது. மொத்தம் 82 எழுத்துக்குறிகளைத் தாண்டக்கூடாது. முதலில் ஒரு டாலர் குறி, பிறகு ‘ஜிபிஜிஜிஏ’ என்ற அடையாளம், அதன்பின் காற்புள்ளிகளால் பிரித்த கட்டங்கள். முதல் கட்டத்தில் நேரம். அடுத்து அகலாங்கு, ஓல்னே-சூ-புவா என்றால் 4856 என்று தொடங்கும், அதாவது 48 பாகை 56 கலை, வடக்கு. அடுத்து நெட்டாங்கு, 2 பாகை 30 கலை அளவில், கிழக்கு. பிறகு கணிப்பின் தரம், பயன்பட்ட செய்மதிகளின் எண்ணிக்கை, உயரம் என்று போகும். இறுதியில் ஒரு நட்சத்திரக் குறி, சரிபார்க்க ஓர் எண், வரி முடிந்தது என்று காட்டும் குறிகள். ஒரு வேனின் இருப்பு முழுவதும் இந்த ஒற்றை வரிதான்.

இந்த வரிகளைப் படித்து மற்ற மென்பொருள்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வேலையை ஜிபிஎஸ்டி என்ற திறந்த மூல நிரல் பல வருடங்களாகச் செய்துவருகிறது. லினக்ஸ் ஓடும் எத்தனையோ வாகன, கப்பல் கருவிகளிலும் நேரச் சேவையகங்களிலும் அது இருக்கிறது. 2013 இல் அதில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-2038 என்று அதற்கு எண்ணிட்டார்கள். சில கட்டங்கள் இல்லாமலும் முடிவுக் குறி இல்லாமலும் ஒரு ஜிபிஜிஜிஏ வரி வந்தால் நிரல் விழுந்துவிடும் என்பதே அதன் சாரம். வரி முழுதாகத்தான் வரும் என்று நம்பி எழுதிய நிரல், இல்லாத கட்டத்தைத் தேடித் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்துக்குள் கால் வைக்கிறது. இயக்குதளம் அதை அந்த இடத்திலேயே முடித்துவிடுகிறது. 3.9 ஆம் பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது. உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் அந்த வருடம் மே மாதத்திலேயே பாதுகாப்பு இற்றைப்படுத்தலை வெளியிட்டன. ஒரு குறைவரி போதும், ஒரு சேவை விழ. அடைப்பும் ஆயத்தமாக இருந்தது. மீதி எல்லாம், அதை ஏற்றவேண்டியவர் ஏற்றினாரா என்பதில்தான் தங்கியிருந்தது.

இனி, ஏற்றாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் நியாயம்: எதுவும் களவு போகவில்லை. இரவில் கடையின் இரும்புக் கதவுப் பூட்டுக்குள் பசை ஊற்றிவிட்டுப் போனவனைப் பற்றி, உள்ளே ஒரு பொருளையும் அவன் தொடவில்லை என்று எந்தக் கடைக்காரரும் ஆறுதல் அடைவதில்லை. அன்றைய வியாபாரம் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். கணினி விஷயத்தில் மட்டும் ஏன் வேறு கணக்குப் போடுகிறோம்?

இந்த நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2021 ஜூன் 2 ஆம் திகதி மாலை, ஒரேஞ்ச் தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பில் மென்பொருள் பிழை ஒன்றால் 15, 17, 18, 112 என்ற அவசர இலக்கங்களுக்கான அழைப்புகள் நாடு முழுவதும் தடைப்பட்டன. நள்ளிரவு வரை தடை நீடித்தது. ஏறத்தாழ 11,800 அவசர அழைப்புகள் போய்ச் சேரவில்லை. அம்புலன்ஸ் கிடைக்காமல் நேர்ந்த மரணங்கள் பற்றி விசாரணைகள் நடந்தன. அன்று எவருடைய தரவும் களவு போகவில்லை. எவருடைய கடவுச்சொல்லும் வெளியாகவில்லை. ஒரு சேவை நின்றது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்று அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 15 ஐ அழைத்தவரின் வீட்டாருக்குத் தெரியும்.

இடத்தைச் சொல்லும் மென்பொருளும் உயிரோடு தொடர்புள்ளதுதான். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெறும் புதிய ரகக் கார்களில் ஈகோல் என்ற வசதி கட்டாயம். விபத்து நேர்ந்தால் கார் தானாகவே 112 ஐ அழைத்துத் தன் இடத்தை அனுப்பும். அடிபட்டு மயங்கிக் கிடப்பவருக்காகப் பேசுவது அந்த ஒரு வரிதான்.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 32 ஆவது உறுப்புரை, இரகசியம் காப்பது, தரவு மாறாமல் காப்பது ஆகியவற்றோடு, சேவை கிடைத்துக்கொண்டே இருப்பதையும் ஒரே மூச்சில் கேட்கிறது. ஓட்டைகளின் கடுமையை அளக்கும் உலகப் பொதுவான சிவிஎஸ்எஸ் அளவுகோலின் 3.1 ஆம் பதிப்பில், இணையம் வழியாக எந்த அனுமதியும் இல்லாமல் சுலபமாக ஒரு சேவையை முழுதாக நிறுத்தக்கூடிய ஓட்டைக்கு, வேறு எந்தச் சேதமும் இல்லாவிட்டாலும், பத்துக்கு 7.5 புள்ளி கிடைக்கும். அது ‘உயர்’ வகுப்பு. சின்ன விஷயம் என்று சொல்பவர்கள் எந்த அளவுகோலால் அளக்கிறார்கள்?

இரண்டாவது நியாயம்: நின்றால் திரும்பப் போட்டுவிடலாம். ஓட்டை அப்படியே இருக்கும்போது திரும்பப் போடுவது, அதே குறைவரிக்கு மறுபடி கதவைத் திறந்து வைப்பதுதான். மென்பொருள் எழும்பும், வரி மறுபடி வரும், மென்பொருள் மறுபடி விழும். அனுப்புகிறவருக்கு இதில் களைப்பு இல்லை, அதை ஒரு சிறு நிரல் பார்த்துக்கொள்ளும். களைப்பு முழுக்க எழுப்புகிறவருக்குத்தான். விடிய நாலு மணிக்குச் சேவையகம் விழுந்தால் அதை எழுப்ப யார் முழித்திருக்கிறார்? ஏழெட்டு வேன் வைத்திருக்கும் சிறு முதலாளியிடம் கணினிப் பிரிவு என்று ஒன்று கிடையாது. மென்பொருளை விற்றவரின் தொலைபேசி ஒன்பது மணிக்குத்தான் எடுபடும். அதற்குள் ரன்ஜிஸ் சந்தை கலைந்துவிடும்.

திரும்பப் போடவே முடியாத நிற்றலும் உண்டு. 2022 பெப்ரவரி 24 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய விடியற்காலையில், வயாசாற் நிறுவனத்தின் கேஏ-சாற் செய்மதி இணைய வலையமைப்பு தாக்கப்பட்டது. ஐரோப்பா முழுவதும் பல்லாயிரம் மோடங்கள் செத்துப்போயின. பிரான்சிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் இணையத்தை இழந்தன. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. மோடங்களின் நினைவகம் அழிக்கப்பட்டுவிட்டதால், நிறுவனம் ஏறத்தாழ 30,000 புதிய மோடங்களை அனுப்பவேண்டி வந்தது. எல்லாம் நின்றுபோக வைத்ததுதான்.

மூன்றாவது நியாயம் கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வருகிறது: இது வெறும் சேவை மறுப்பு வகை, உள்ளே நுழைய வழி தராது. ஒரு நிரல் ஏன் விழுகிறது என்று யோசித்தால் இந்தத் தெம்பு நிலைக்காது. தன் எல்லை தாண்டி நினைவகத்தைத் தொட்டதால்தான் அது விழுகிறது. எல்லை தாண்ட வைத்தவர், இன்னும் கவனமாக எழுதிய வரியால் அதை விழாமல் தன் சொற்படி ஆட வைக்கவும் கூடும். ஜிபிஎஸ்டியின் அந்த ஓட்டைக்கான பதிவிலேயே, நிரல் விழும் என்று எழுதியதோடு, தாக்குபவர் தன் கட்டளைகளை ஓட்டவும் வாய்ப்புண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். ‘சேவை மறுப்பு’ என்ற வகைப்பாடு அன்றுவரை தெரிந்த குறைந்தபட்சச் சேதத்தைச் சொல்கிறது. அதற்கு மேல் போகாது என்று அது உறுதி தருவதில்லை.

2025 இல் நெதர்லாந்து இதை அனுபவித்தது. நிறுவன வலையமைப்புகளின் வாசலில் வைக்கப்படும், சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்ஸ்கேலர் கருவிகளில் ஓர் ஓட்டையை அந்த நிறுவனம் ஜூன் மாதம் அறிவித்தபோது, நிரலின் போக்கு மாறுவதற்கும் சேவை மறுப்புக்கும் இட்டுச்செல்லும் நினைவக வழிதல் என்று விவரித்தது. சிவிஇ-2025-6543 என்பது அதன் எண். பின்னர் அந்நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் ஆராய்ந்தபோது, அதே ஓட்டை வழியாக முக்கியமான பல நிறுவனங்களுக்குள் ஆட்கள் புகுந்திருந்தது தெரிந்தது. அவர்கள் மே மாதத்திலேயே உள்ளே வந்துவிட்டார்கள். ‘சேவை மறுப்பு’ என்ற சொல்லை மட்டும் பார்த்து அவசரமில்லை என்று இருந்தவர்கள், திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது பூட்டு வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள்.

நான்காவது நியாயத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது அனுபவத்திலிருந்து வருகிறது: இற்றைப்படுத்தலே எல்லாவற்றையும் கெடுக்கிறது, ஓடுவதைத் தொடாதே. இதற்குச் சாட்சியாக 2024 ஜூலை 19 ஐக் காட்டுவார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை விழுத்தியது. விமானங்கள் நின்றன. ஒலிம்பிக் தொடங்க ஒரு கிழமையே இருந்த பாரிஸில் ஏற்பாட்டுக் குழுவின் கணினி வேலைகளும் பாதிக்கப்பட்டன. இந்தியாவில் விமான நிலையங்களில் ஏறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சாட்சியை முழுதாக விசாரிப்போம். ஆகஸ்ட் மாதம் அந்த நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தின்படி, நிரல் 21 கட்டங்களை எதிர்பார்த்தது. அதற்குக் கொடுக்கப்பட்டவை 20. இல்லாத இருபத்தோராவது கட்டத்தைப் படிக்கப் போய், எல்லை தாண்டி, விழுந்தது. 2013 இல் ஜிபிஎஸ்டியை விழுத்தியதும் இதே குடும்பத்துப் பிழைதான்: வரவேண்டிய கட்டம் வரும் என்று நம்பியது. பிழையான கோப்பை 78 நிமிடத்தில் மீட்டுவிட்டார்கள். விழுந்த கணினிகளையோ ஆட்கள் நேரில் போய் ஒவ்வொன்றாக எழுப்பவேண்டி இருந்தது; அதற்கு நாட்கள் எடுத்தன. அன்றும் களவு ஒன்றும் இல்லை. ஆக, இற்றைப்படுத்தலுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட சாட்சி, நின்றுபோவது எவ்வளவு பெரிய சேதம் என்பதற்கும், விடுபட்ட ஒரு கட்டம் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கும்தான் சாட்சி சொல்கிறது.

அது தரும் பாடம், இற்றைப்படுத்தலை ஒழுங்காகச் செய் என்பது. அத்தனை கணினிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதுதான் அன்று நடந்த பெருந்தவறு. எட்டு வேன் இருந்தால் ஒன்றில் முதலில் ஏற்று. ஒரு நாள் ஓட்டிப் பார். பிறகு மற்றவற்றில் ஏற்று. பழைய பதிப்பைத் திரும்ப எடுக்கும்படி வை. இதற்கு ஒரு பெரிய கணினிப் பிரிவு தேவையில்லை. மேலும், பாதுகாப்பு இற்றைப்படுத்தல் என்றால் மென்பொருளே மாறிவிடும் என்ற பயமும் பல இடங்களில் ஆதாரமற்றது. டெபியன், உபுண்டு போன்றவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பில் அந்த ஓட்டையை மட்டும் அடைத்து அனுப்புகின்றன. திரை மாறாது, பொத்தான் மாறாது. ஓட்டை மட்டும் இருக்காது.

ஓடுகிற சாமான் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அதே ஜிபிஎஸ்டியே பதில் சொல்லியிருக்கிறது. ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் முறையில், 1024 வாரங்களுக்கு ஒருமுறை எண் மீண்டும் பூச்சியத்துக்கு வரும். அதைச் சமாளிக்க எழுதிய கணக்கில் இருந்த பிழையால், 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகள் 2021 ஒக்டோபர் 24 அன்று திகதியை 2002 மார்ச்சுக்குக் கொண்டுபோகும் நிலையில் இருந்தன. அடைத்த 3.23 ஆம் பதிப்பு ஓகஸ்டிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா முன்கூட்டியே எச்சரித்தது. இங்கே தாக்குபவர் எவரும் இல்லை. ஒக்டோபர் 23 வரை பழுதின்றி ஓடிய சாமான், கை வைக்காததாலேயே மறுநாள் பிழைத்துப்போகக் காத்திருந்தது.

ஐந்தாவது நியாயம்: எங்களை யார் தாக்கப்போகிறான்? நாங்கள் சின்ன ஆட்கள். தாக்குபவர் ஆளைப் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கும் வாசலைத் தேடும் நிரலை இணையம் முழுக்க ஓட விடுகிறார். மைக்கோடஸ் எம்வி720 என்ற சீனத் தயாரிப்பு ஜிபிஎஸ் பெட்டி இருபது டொலருக்குக் கிடைத்தது. சின்ன ஆட்கள் வாங்கும் சாமான்தான். 2022 ஜூலையில் பிட்சைட் நிறுவனம் அதில் ஆறு ஓட்டைகளை அறிவித்தது; சிசாவும் எச்சரிக்கை விடுத்தது. அந்த நிறுவனத்தின் பெட்டிகள் 169 நாடுகளில் 15 லட்சம் வாகனங்களில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. இடத்தைப் பார்ப்பதோடு, ஓட்டைகள் வழியாக வண்டிக்கு எரிபொருள் போவதையே வெட்டமுடியும் என்று எச்சரித்தார்கள். பெட்டியோடு வரும் கடவுச்சொல் 123456. அடைக்கும் இற்றைப்படுத்தல் அப்போது வராததால், பெட்டியைக் கழற்றிவிடும்படி பரிந்துரைத்தார்கள். ஓடுகிற வேனின் எஞ்சினை முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தலாம் என்ற நிலை, எட்டு வேன்காரருக்கும் எண்ணாயிரம் வேன்காரருக்கும் ஒன்றே.

சின்ன ஆளின் கருவி அடுத்தவரைத் தாக்கும் ஆயுதமாகவும் மாறும். 2016 செப்டெம்பரில், பிரான்சின் ரூபே நகரைச் சேர்ந்த ஓவிஎச் நிறுவனத்தின் மீது அதுவரை காணாத அளவில் சேவை மறுப்புத் தாக்குதல் நடந்தது. அதைச் செய்தவை 1,45,000 க்கு மேற்பட்ட பாதுகாப்புக் கமெராக்களும் பதிவுப் பெட்டிகளும். கடைகளிலும் வீடுகளிலும், ஒருமுறைகூட இற்றைப்படுத்தாமல், மாற்றாத கடவுச்சொல்லோடு மூலையில் கிடந்தவை அவை.

ஆறாவது நியாயத்தை நான் சாரதிகளின் வாயிலிருந்தே கேட்கிறேன், அதனால் அதற்குக் கூடுதல் மரியாதையோடு பதில் சொல்லவேண்டும்: அந்தப் பெட்டி எங்களை வேவு பார்க்கிறது, அது செத்தால் எங்களுக்கு நல்லதுதானே?

வேவு பார்க்கிறது என்ற குறை நியாயமானது. அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையான சினில் சொல்வதன்படி, வேலை நேரத்துக்கு வெளியே பெட்டியை நிறுத்திவைக்கும் வசதி தொழிலாளிக்கு இருக்கவேண்டும். பதிவுகளைப் பொதுவாக இரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. தன்னைப் பற்றிய பதிவைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு. அவர் கையால், அவர் விரும்பிய நேரத்தில், சட்டப்படி நிறுத்துவதற்குப் பெயர் உரிமை. வேறு யாரோ அனுப்பிய ஒரு குறைவரியால், வேலையின் நடுவில் அது விழுவது எந்த வகையிலும் அவருக்கு விடுதலை ஆகாது.

அது விழும் காலையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். திரையில் புள்ளி சாம்பல் நிறமாகிறது. முதலாளி தொலைபேசி எடுக்கிறார்: ‘எங்க நிக்கிறாய்? ஏன் வண்டி அசையேல்ல?’ சாரதி பக்கத்து ஊரான பிளாங்-மெனிலில் மூன்றாவது பொதியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ‘அண்ணை, நான் வேலையிலதான் நிக்கிறன்.’ அவர் சொல்லை அவருக்காக உறுதிப்படுத்தப் பதிவு இல்லை. பொதி பிந்தியது என்று வாடிக்கையாளர் முறையிட்டால், குறித்த நேரத்தில் வாசலில் நின்றதற்கு ஆதாரம் இல்லை. செயலி வழியாக வேலை எடுப்பவர் என்றால் நிலைமை இன்னும் மோசம்: இடம் தெரியாத கைத்தொலைபேசிக்கு அடுத்த ஓட்டம் வராது. மென்பொருள் நின்ற நேரம் சம்பளமில்லாத நேரமாகிறது.

பதிவு தொழிலாளிக்குத் துணை நின்றதற்கு இந்த நாட்டின் அதியுயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. 2018 நவம்பர் 28 அன்று, டேக் ஈட் ஈசி என்ற உணவு விநியோகச் செயலி பற்றிய வழக்கில் கசாசியோன் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்தச் செயலி விநியோகிப்பவரின் இடத்தை நேரத்துக்கு நேரம் கண்காணித்து, ஓடிய கிலோமீற்றர்களைக் கூட்டிக் கணக்கிட்டதை எடுத்துக்காட்டியது. இப்படிக் கண்காணிப்பவர் முதலாளியே, கண்காணிக்கப்படுபவர் சுயதொழில் செய்பவர் என்று சொல்லித் தப்பமுடியாது என்ற முடிவுக்கு அது வழிவிட்டது. கட்டுப்படுத்தப் போட்ட வரிகள், கட்டுப்படுத்தப்பட்டவரின் உரிமைக்குச் சான்றாயின.

வேவு பார்ப்பதைத் தானே தடுக்கிறேன் என்று இறங்குபவர்களுக்கு நாந்த் விமான நிலையம் ஒரு பாடம். 2017 இல் அங்கே ஒரு வாகனத் தரிப்பிடத்தில் விட்டுச்சென்ற காரில் ஜிபிஎஸ் குழப்பும் கருவி அணைக்கப்படாமல் கிடந்தது. அதனால் விமானங்களின் ஜிபிஎஸ் குழம்பிப் புறப்பாடுகள் தாமதமாயின. காருக்கு உரியவர் தண்டம் கட்டினார். இடம் தெரியாமல் போவது ஒருவரோடு நிற்பதில்லை.

இதே விஷயம் எங்கள் கடற்கரைகளில் உயிர்ப் பிரச்சினை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் அடித்தபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கரையில் எவருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கு எச்சரிக்கை சொல்லவும் வழி இருக்கவில்லை. அதன்பிறகுதான் ஆழ்கடல் படகுகளில் செய்மதி வழி இடமும் செய்தியும் அனுப்பும் கருவிகளைப் பொருத்தும் வேலை வேகமெடுத்தது. இந்தியாவில் 2019 முதல் புதிதாகப் பதிவாகும் பஸ்களிலும் வாடகைக் கார்களிலும் ஏஐஎஸ் 140 விதிப்படி இடங்காட்டும் பெட்டியும் அவசரப் பொத்தானும் இருக்கவேண்டும். 2012 இல் டெல்லி பஸ் ஒன்றில் ஓர் இளம்பெண்ணுக்கு நடந்த கொடூரத்துக்குப் பிறகு எழுந்த கோரிக்கை அது. பொத்தானை அழுத்தும் பெண்ணின் குரலைக் கொண்டுபோவது அதே பெட்டி, அதே சேவையகம், அதே வரி. அவர் அழுத்தும் நிமிடத்தில் சேவையகம் விழுந்து கிடந்தால், களவு எதுவும் நடக்கவில்லை என்ற ஆறுதலை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

ஆகவே செய்யவேண்டியது தெளிவானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் 2024 டிசெம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கிய கடமைகள் 2027 டிசெம்பர் 11 முதல் முழுதாகக் கட்டுப்படுத்தும். மென்பொருள் உள்ள பொருட்களை விற்பவர், பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடங்களுக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் தரவேண்டும். சேவை மறுப்புத் தாக்குதலைத் தாங்கும் திறனை, பொருளின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாக அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் கேட்கிறது. பிரசல்ஸில் சட்டம் எழுதியவர்கள் நின்றுபோவதைச் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. நாங்கள் ஏன் எடுக்கவேண்டும்?

2027 வரை காத்திருக்கவும் தேவையில்லை. பெட்டி வாங்கும் முதலாளி இன்றே விற்பவரிடம் கேட்கட்டும்: உள்ளே ஓடும் மென்பொருள் எது, எந்தப் பதிப்பு, எத்தனை வருடத்துக்கு அடைப்பு வரும், ஓட்டை தெரிந்தால் எத்தனை நாளில் எனக்குச் சொல்வாய்? பதில் தராதவரிடம், எவ்வளவு மலிவென்றாலும் வாங்காமல் விடட்டும். சேவையகத்தை யார் பார்க்கிறார், இற்றைப்படுத்தலை யார் ஏற்றுகிறார் என்று ஓர் ஆளின் பெயரை எழுதிவைக்கட்டும். பாதுகாப்பு அடைப்பு வந்தால் ஒரு வேனில் மறுநாளே, மற்றவற்றில் அந்தக் கிழமையிலேயே ஏற்றும் வழக்கத்தை உண்டாக்கட்டும்.

சாரதிகளும் தங்கள் பங்குக்கு ஒன்றைக் கேட்கவேண்டும்: மென்பொருள் நின்ற நேரத்துக்கு எங்கள் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது, அந்த நேரத்துப் பிந்தல்கள் எங்கள் கணக்கில் ஏறக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. இன்று இற்றைப்படுத்தலைத் தள்ளிப்போடுபவர் ஒருவர், அதன் செலவைச் சுமப்பவர் இன்னொருவர். தள்ளிப்போடுவது அவ்வளவு சுலபமாக இருப்பது அதனால்தான். முடிவெடுப்பவரே செலவையும் ஏற்கவேண்டும் என்று எழுத்தில் வந்துவிட்டால், எந்த இற்றைப்படுத்தலும் அடுத்த மாதத்துக்குப் போகாது.